மூன்று ஆப்பும் பதினோராம் கட்டிலும்

முப்பத்துமூன்று வயதில் நர்சிங் படிக்கப் போன தவமணிக்கு ஒரே பயம்தான். மருந்தின் அளவை மறந்துபோய் யாரையாவது கொன்றுவிடுவோமோ என்று. இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு கட்டிவிட்டு வருகிறவள். காலையில் படித்தது மாலையில் நிற்பதில்லை.

“அதுக்குத்தான் போன்ல ஆப் இருக்கே, அக்கா” என்றார்கள் கூடப் படிக்கும் சின்னப் பெண்கள்.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. ஆப் மூன்று இருந்தன. ஒன்று நெட் இல்லாமலே திறக்கும். இன்னொன்று, நம்மூர் மருந்துக்கடையில் சொல்கிற பெயரைப் போட்டாலே மருந்தைக் காட்டும். மற்றது, எந்த மருந்தோடு எதைச் சேர்க்கக் கூடாது என்று எச்சரிக்கும். தவமணியின் போனில் ஒன்றுக்குத்தான் இடம். மூன்றையும் மாற்றி மாற்றி ஏற்றி, அழித்து, ஒரு மாதமாகியும் முடிவுக்கு வரவில்லை. கடைசியில் தோழிகளின் போன்களையும் இரவல் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வார்டுக்கு வந்தாள்.

ஆண்கள் வார்டில் அவளுக்கு ஆசிரியை நஸ்ரீன். தவமணியைவிட ஐந்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

“மேம், இந்த மூணுல எதை வச்சுக்கட்டும்?”

நஸ்ரீன் மூன்று போன்களையும் பார்த்தார்.

“பதினோராம் கட்டிலுக்குக் காலை ஊசி இருக்குல்ல? மூணுலயும் பாருங்க. போட்டுட்டு வந்து நீங்களே சொல்லுங்க.”

கட்டிலில் தொங்கிய அட்டையில் ஞானப்பிரகாசம் என்று பெயர் இருந்தது. சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் இன்சுலின், பன்னிரண்டு யூனிட். தவமணி மூன்றிலும் தேடினாள். அதிசயமாக மூன்றும் ஒன்றையே சொல்லின. மருந்தை ஊசியில் ஏற்றி நஸ்ரீனிடம் காட்டினாள். அளவு இம்மி பிசகவில்லை.

கட்டிலில் இருந்தவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

“ஐயா, ஞானப்பிரகாசம்தானே?”

“ஆமா தாயி.”

“ஊசி போடணும். சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க.”

அவர் தூக்கினார். தவமணி பஞ்சால் துடைத்தாள். வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்தாள். கை நடுங்கவில்லை. அது அவளுக்கே பெருமையாக இருந்தது.

பின்னாலிருந்து நஸ்ரீனின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“ஐயா, உங்க பேரு என்ன?”

“பால்ச்சாமி.”

தவமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கட்டிலில் தொங்கிய அட்டையை மறுபடி பார்த்தாள்.

“சர்க்கரை இருக்கா?” நஸ்ரீனின் குரலில் மாற்றமில்லை.

“இல்ல தாயி. காய்ச்சலுன்னு நேத்துச் சேத்தாக.”

“சாப்பிட்டீங்களா?”

“நேத்து மத்தியானத்திலேருந்து வெறும் தண்ணிதான்.”

பன்னிரண்டாம் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். “ஞானப்பிரகாசம் நான்தாம்மா. அண்ணனுக்குக் குளிரு. எனக்குப் புழுக்கம். இங்கதான் காத்தாடி நல்லாச் சுத்துது. விடியக்காலம் மாத்திப் படுத்துக்கிட்டோம்.” நல்ல காரியம் செய்த முகத்தோடு சிரித்தார்.

தவமணி பால்ச்சாமியின் பக்கம் திரும்பினாள். “அப்புறம் ஏன்யா ஆமான்னு சொன்னீங்க?”

“எனக்கென்ன தெரியும் தாயி? படிச்சவுக நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

சொல்லிவிட்டு, தூக்கிய சட்டையை இறக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.

நஸ்ரீன் அடுத்த கட்டிலைக் காட்டினார். தவமணி அங்கே போய் நின்றாள்.

“உங்க பேரு சொல்லுங்க.”

“இப்பத்தானேம்மா சொன்னேன்.”

“இன்னொரு தடவை சொல்லுங்கய்யா.”

அவர் சொன்னார். பதினோராம் கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்து வந்து பார்த்து, ஊசியைப் போட்டாள். அதற்குமேல் அவளால் வார்டில் நிற்க முடியவில்லை.

வராந்தாவில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு யூனிட், வெறும் வயிறு. போட்டிருந்தால் சர்க்கரை இறங்கி, பால்ச்சாமி அந்தப் போர்வைக்குள்ளேயே நினைவு தப்பியிருப்பார். காய்ச்சலில் அசந்து தூங்குகிறார் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். போகிற வழியில் போர்வையைச் சரிசெய்துவிட்டுக்கூடப் போயிருப்பாள்.

நஸ்ரீன் வந்து பக்கத்தில் நின்றார்.

“மேம், மருந்து கொடுக்குமுன்னாடி எதையெல்லாம் பாக்கணும்னு கேட்டதுக்கு, ‘சரியான நோயாளி’ன்னு பரீட்சையில முதல் வரியா எழுதி முழு மார்க் வாங்கினேன்.”

“தெரியும். நான்தான் திருத்தினேன்.”

“அவங்க இடம் மாறினது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது.”

தெரிந்து சோதித்தார் என்று நினைத்துத் தவமணி அதுவரை கொஞ்சம் தைரியமாக இருந்தாள். தவமணியின் சட்டைப்பையில் மூன்று போன்களும் கனத்தன.

“நீங்க எதை மேம் வச்சிருக்கீங்க?” வேறு எதைக் கேட்பதென்று தெரியாமல்தான் கேட்டாள்.

“நீங்க ரெண்டாவதாக் காட்டினீங்களே, அதுதான். அன்னைக்கும் அதுதான் இருந்துச்சு. நல்ல ஆப். அளவைச் சரியாத்தான் சொல்லுச்சு.”

“என்னைக்கு மேம்?”

நஸ்ரீன் வார்டின் கதவைப் பார்த்தபடி சொன்னார்.

“வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது மாசம். அவர் பேரு சொக்கலிங்கம். நான் ‘தருமராஜ்தானே’ன்னு கேட்டேன். ‘ஆமாம்மா’ன்னார். அன்னைக்கு என் பின்னாடி யாரும் நிக்கல.”