குளவிக்குப் படையல்

"சாமி, கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒண்ணுக்கு எப்படீங்க நன்றி சொல்றது?"

செங்கோடன் இப்படிக் கேட்டபோது அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அவள் ஒரு துறவி. தண்ணீர் வற்றிப்போன ஒரு கிணற்றின் மோட்டார் ரூமில் தங்கியிருந்தாள். செங்கோடனைவிடப் பத்து வயதாவது இளையவள். உபதேசம் செய்ய மாட்டாள். செய்யச் சொன்னால் கோபம்தான் வரும். ஆனாலும் செங்கோடன் அவளைத் தன் குருவென்று முடிவுகட்டி, அமாவாசைதோறும் வந்து உட்கார்ந்துவிடுவார். பிடிவாதத்தில் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்.

"யாருக்குங்கண்ணா நன்றி?"

"குளவிக்குங்க சாமி."

அம்மை கீரையைக் கீழே வைத்தாள்.

செங்கோடன் சொன்னார். போன வருஷம் அவருடைய மரவள்ளிக் காட்டில் மாவுப்பூச்சி விழுந்தது. கொழுந்தெல்லாம் வெள்ளை படிந்து சுருண்டது. அவர் அடிக்காத மருந்தில்லை. பூச்சி அசைந்து கொடுக்கவில்லை. இன்னொரு வெள்ளாமையும் இப்படிப் போனால், அவரும் மனைவி பாவாயியும் காட்டை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த வருஷமும் பூச்சி வந்தது. பாவாயி டிரங்குப் பெட்டியை எடுத்துத் துடைத்தே வைத்துவிட்டாள்.

அப்போதுதான் வேளாண்மைத் துறைக்காரர்கள் ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்து காட்டில் திறந்துவிட்டார்கள். உள்ளே இருந்தது குளவியாம். கடுகளவுகூட இல்லை. கொட்டவும் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளேயே இருந்து பூச்சியைத் தின்று வளர்ந்து, ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

செங்கோடன் நம்பவில்லை. ஆனால் மருந்தடித்து அலுத்துப்போயிருந்ததால் சும்மா இருந்தார்.

கொஞ்ச நாளில் கொழுந்து நிமிர்ந்தது. காடு பச்சையானது.

"பெத்த புள்ளைங்க செய்யாததைச் செஞ்சிருக்குதுங்க சாமி," என்றார். கண் கலங்கிவிட்டது. "அதுதான் வெள்ளிக்கிழமை காட்டுல பொங்கல் வெக்கறனுங்க. நீங்க வரோணும்."

"குளவிக்கா பொங்கல்?"

"ஆமாங்க. ஊரே சிரிக்குது. சிரிச்சுட்டுப் போகட்டுமுங்க."

அம்மைக்கும் சிரிப்பு வந்தது. "வாரேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பாவாயி வைத்த பொங்கல் நன்றாகப் பொங்கியது.

சாமி கும்பிடுகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா? செங்கோடன் விடியும்போதே களை வெட்டி, சாணி தெளித்து முடித்திருந்தார். பாக்கி ஒன்றுதான். வேலியோரத்தில் நாலைந்து செடிகளில் மட்டும் இன்னும் மாவுப்பூச்சி இருந்தது. அரிவாளும் மண்ணெண்ணெயுமாக அங்கே போனார்.

அந்தச் செடிகளுக்கு முன்னால் அம்மை உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க சாமி. இதை வெட்டித் தீ வெச்சுட்டா காடு சுத்தம். அப்புறம் படையல்தான்."

"என்ன படையல்?"

"சர்க்கரைப் பொங்கலுங்க. நெய் தாராளமா ஊத்தி."

"குளவி பொங்கல் திங்குமா?"

செங்கோடன் தலையைச் சொறிந்தார். "அதெப்படீங்க திங்கும்?"

"வேற என்ன திங்கும்?"

"அதோட குஞ்சு மாவுப்பூச்சியைத்தானுங்க..."

அவர் முடிக்கவில்லை. 

செங்கோடன் குனிந்து பார்த்தார். வெள்ளை படிந்த கொழுந்தின் மேல் கடுகைவிடச் சின்னதாய் ஒரு புள்ளி நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

அரிவாளை அவர் கீழே வைக்கவில்லை. வைக்கப் பயமாக இருந்தது.

"சாமி, இங்கிருந்து மாவுப்பூச்சி மறுபடியும் காடெல்லாம் பரவிருச்சுன்னா? நானும் பாவாயியும் எங்கீங்க போவோம்?"

"உங்களுக்குத் திருப்பூர் இருக்குதுங்கண்ணா," என்றாள் அம்மை. "குளவிங்க எங்க போகும்?"

செங்கோடன் மறுபடி அந்தப் புள்ளியைப் பார்த்தார். பிறகு அரிவாளை வேலிக்கு அப்பால் எறிந்தார்.

"பாவாயி! சொம்புல தண்ணி கொண்டா!"

பாவாயி தண்ணீரோடு வந்தாள். "பொங்கலை எங்க வெக்கறது?"

"அது நமக்கு. அங்கயே இருக்கட்டும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையில் தண்ணீர் எடுத்தார். மாவுப்பூச்சி அப்பிக் கிடந்த செடிகளைச் சுற்றி, படையலைச் சுற்றி நீர் விடுவதுபோல விளாவினார். கைகூப்பினார்.

"வயிறாரச் சாப்பிடுங்க," என்றார்.