கடிதத்தில் இருந்தவன்

சிபாரிசுக் கடிதத்தைப் பேராசிரியர்தான் எழுதுகிறார் என்று வெளிநாட்டுக்காரர்கள் பாவம், நம்புகிறார்கள். நம் பக்கத்தில் மாணவனே எழுதி எடுத்துப்போவான், பேராசிரியர் கையெழுத்துப் போடுவார்.

கரையான் புற்றுகளை ஆறு வருஷம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய சிவகடாட்சமும் அப்படித்தான் எழுதினான். ஒரு குளிர் தேசத்துப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட் டாக், அதாவது பட்டத்துக்குப் பிறகு செய்யும் ஆராய்ச்சி வேலை, ஒன்று காலியாக இருந்தது. பட்டம் வாங்கி மூன்று வருஷத்துக்குள் சேர வேண்டும் என்பது பல இடங்களில் விதி. அவனுக்கு இது கடைசி வருஷம்.

அவனுடைய வழிகாட்டி எஸ்தர் கனகமணி கடிதத்தை நிதானமாகப் படித்தார்.

"தப்பே செய்யமாட்டான். களைப்பே கிடையாது. வீட்டு நினைப்பு வேலையைக் கெடுக்காது. யாருப்பா இது?"

"நான்தான் மேடம்."

"நெசமாவா?"

"எல்லாரும் இப்படித்தானே மேடம் எழுதுறாங்க."

அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து, முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினான். உடனே பதில் வந்தது. 'கேள்வி புரியவில்லை. நீங்கள்தான் போன திங்கட்கிழமையே வந்து சேர்ந்துவிட்டீர்களே.'

கூடவே ஒரு புகைப்படம். ஆய்வகத்தார் பனியில் வரிசையாக நின்றார்கள், கடைசியில் அவன். மற்ற எல்லோர் வாயிலிருந்தும் ஆவி வந்துகொண்டிருந்தது. அவன் வாயிலிருந்து வரவில்லை.

சிவகடாட்சம் அந்த ஆய்வகத்துக்குப் போன் போட்டான்.

"சிவகடாட்சம் பேசுறேன்" என்றது அவனுடைய குரல்.

"நீ... யாரு?"

"மேடம் கையெழுத்துப் போட்டு அனுப்பின ஆளு. இங்க ஒரு கஷ்டமும் இல்ல. தூக்கமே வர்றதில்ல. அம்மா முகம்கூட ஞாபகம் வர்றதில்ல. ஆமா, நீங்க யாரு?"

போனை வைத்துவிட்டு எஸ்தர் கனகமணியின் அறைக்கு ஓடினான்.

"மேடம், அங்க போயிருக்கிறது நான் இல்ல!"

அவர் ஆச்சரியப்படவில்லை. பீரோவைத் திறந்து ஒரு கட்டுச் சிபாரிசுக் கடிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பதினோரு பேர். எல்லாருக்கும் இடம் கிடைச்சுது. வருஷா வருஷம் எனக்கு வாழ்த்து அனுப்புறாங்க, ஒரு எழுத்துப் பிழை இருக்காது."

"இதை எழுதினவங்க என்ன ஆனாங்க?"

"அதுதான் தெரியல. அதுக்கப்புறம் யாரும் இந்த அறைக்கு வரல. வந்தது நீ ஒருத்தன்தான்."

அவன் நாற்காலியில் விழுந்தான்.

"இன்னொரு ஊர்ல ஒரு இடம் இருக்கு மேடம். நாளைக்குக் கடைசி நாள். கடிதத்தை நீங்களே எழுதுங்க."

அவர் பேனாவை எடுத்து எழுதினார். அவன் வாங்கிப் படித்தான்.

'நான்காம் வருஷம் இவன் குப்பிகளின் லேபிளை மாற்றி ஒட்டி, எட்டு மாத வேலையைப் பாழாக்கினான். சொல்லியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திராது. மறுநாள் காலையில் தானே வந்து சொல்லி அழுதான். தகப்பனார் இறந்தபின் இரண்டு மாதம் இவனால் வேலை செய்ய முடியவில்லை. பிறகு மறுபடி புற்றுகளைத் தேடிப் போனான்.'

அவனுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கியது.

"இதைப் படிச்சா யார் மேடம் என்னை எடுப்பாங்க?"

எஸ்தர் கனகமணி பேனாவை மூடினார்.

"எடுக்காமப் போகலாம். எடுத்தா, போறது நீ."