ஆறு மணி விலை

“அம்மா, நாலு தடவை தீர்மானம் போட்டாச்சு. ஒரு நாய் திரும்பிப் பாக்கல,” என்றார் கோதண்டபாணி.

கோதண்டபாணி வெண்பாறைப் பேரூராட்சியின் தலைவர். வயது அறுபத்திரண்டு. எதிரே உட்கார்ந்திருந்த இசக்கியம்மைக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. ஆனாலும் அவர்தான் இவருக்குக் குரு.

ஒரு காலத்தில் மின்சாரத்துக்கு விலை போடும் அறையில் வேலை பார்த்தவராம். ஒரு நாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்தவர், திரும்பிப் போகவே இல்லையாம்.

அந்த நாட்டில் மின்சாரத்தைச் சந்தைக்கு விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. விற்கிறவன் மணிக்கொரு விலை வைக்கலாம். வெயில் ஏறினால் விலை ஏறும். எல்லோரும் வீடு திரும்பும் ஆறு மணிக்கு இன்னும் ஏறும். ஏன் என்று கேட்க முடியாது. சட்டம் அப்படி.

“என்ன தீர்மானம்?” என்றார் குரு.

“அந்தச் சட்டத்தைத் திருத்தணும்னுதான். விலைக்கு ஒரு உச்சவரம்பு வேணும். கோடையில யாருக்கும் இணைப்பை வெட்டக் கூடாது. இந்த மாவட்டத்துலயே எங்க மன்றம்தான் முதல்ல போட்டுச்சு.”

“படிங்க.”

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“பொதுமக்களின் நலன் கருதி, மேற்படி சட்டத்தில் தக்க திருத்தங்கள் கொண்டுவர ஆவன செய்யுமாறு, அரசை மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்ள இம்மன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.”

குரு கையை நீட்டித் தாளை வாங்கினார். இரண்டாக மடித்தார். விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

“அம்மா!”

“நல்ல கெட்டித் தாள். காத்து வருது.”

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“விளையாட்டா இருக்கா உங்களுக்கு? ஏழாவது வார்டுல ரெஜினான்னு ஒரு பொம்பளை. புருஷன் மாசிலாமணிக்கு நுரையீரல் போச்சு. ஆக்சிஜன் மெஷின்லதான் மூச்சு. ஆறு மணிக்கு விலை ஏறுனதும் அந்தம்மா மெஷினை அணைச்சிடுது. அந்த ஆள் உதடு நீலமாகுற வரைக்கும் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருக்கு. அப்புறம் போடுது. மறுபடி அணைக்குது. ஒன்பது மணி வரைக்கும் இதே பாடு. நேத்து ஒரு நிமிஷம் கூடிப்போச்சு, ஆள் மயங்கிட்டாரு. இன்னைக்கு என்ன ஆகுமோ! மனுஷன் மூச்சு விடுறதுக்குக் காலையில ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலையா? எந்த நாசமாப் போறவன் எழுதின சட்டம் இது?”

குரு விசிறுவதை நிறுத்தினார்.

“இது எதுவும் தாள்ல இல்லையே?”

“பேரெல்லாம் போடுற வழக்கம் இல்லைம்மா. பொதுமக்கள்னுதான் போடுவோம்.”

“எத்தனை மணிக்குக் கூடுனீங்க?”

“காலையில பதினொண்ணு. எப்பவும் அதுதான்.”

“ஏசி ஓடுச்சா?”

“ஓடாம? இந்த வெயில்ல?”

“உங்க கட்டிடத்துல ஆறு மணி விலை என்ன?”

“எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. பேரூராட்சிக் கட்டிடத்துக்கு எந்நேரமும் ஒரே விலை. சொற்பம்தான்.”

“சண்டை போட்டு வாங்கினீங்களோ?”

“இல்லை. கம்பெனிக்காரங்களே வந்து கொடுத்தாங்க.”

“நீங்க கேக்காமலா?”

“கேக்காமலே.”

“வேற எந்த ஊர் மன்றத்துக்குக் கொடுத்தாங்க?”

தலைவர் யோசித்தார்.

“எல்லா ஊருக்கும்,” என்றார். சொன்ன பிறகு அவர் திறந்த வாய் மூடவில்லை.

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

“கூட்ட அறையில எத்தனை நாற்காலி தலைவரே?”

“அறுபது.”

“உறுப்பினருங்க?”

“பதினஞ்சு.”

குரு எழுந்து வாசலுக்குப் போனார். தலைவர் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் குனிந்து எடுத்தார். ஊர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்.

“அய்யோ, அம்மா, நீங்க போய்…” என்று பதறினார் தலைவர்.

“மணி அஞ்சேகால்,” என்றார் குரு.

ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மாசிலாமணியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நாலு பேர் பேரூராட்சிப் படியேறினார்கள். நாற்காலியின் முன்கால் ஒன்றைப் பிடித்திருந்தவர் தலைவர். மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள் ரெஜினா.

எழுத்தர் பிச்சுமணி ஓடிவந்தார். “சார், இதுக்கு விதி இருக்கா சார்?”

“பிளக் எங்கய்யா இருக்கு?”

“உங்க நாற்காலிக்குப் பின்னாடி சார். ஆனா…”

மாசிலாமணி தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மெஷின் உறுமியது. மணி ஆறானது. யாரும் அதை அணைக்கவில்லை.

ரெஜினா சுவரைப் பார்த்தாள், ஏசியைப் பார்த்தாள். “ஓட்டுக் கேக்க வந்தப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும் அண்ணாச்சி.”

தலைவர் மெஷின் வயர் யார் காலிலும் தட்டாமல் சுவரோரம் ஒதுக்கினார்.

ஆறரைக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. மூச்சிழுப்பு வந்த பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர் வந்தார். இன்சுலின் டப்பாவோடு ஒரு பெண் வந்து, ஃபிரிட்ஜ் எங்கே என்று கேட்டாள். வெக்கை தாங்காத கர்ப்பிணி ஒருத்தி உறுப்பினர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். அறுபதும் நிரம்பி, தரையிலும் உட்கார்ந்தார்கள்.

“நோட்டை எடும்,” என்றார் தலைவர், பிச்சுமணியிடம். “புதுத் தீர்மானம். ரெஜினா, நீ சொல்லும்மா.”

“நானா? எனக்கு என்ன எழுதத் தெரியும்?”

“எழுத வேண்டாம். சொல்லு.”

ரெஜினா புருஷனைப் பார்த்தாள். “ஆறு மணியிலேருந்து ஒன்பது மணி வரைக்கும் மாசிலாமணி மூச்சு விடுவாரு. அதுக்கு ஏத்த மாதிரி சட்டத்தை மாத்து. அவ்வளவுதான்.”

“பணிவன்புடன்னு சேர்க்கட்டுமா சார்?” என்றார் பிச்சுமணி.

“சேர்த்துப் பாரும்,” என்றார் தலைவர்.

ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. கம்பெனியின் வட்டார மேலாளர்.

“என்ன சார் நடக்குது அங்க? வீட்டு விலை கட்டுற ஆளுங்களை எல்லாம் உள்ள விட்டிருக்கீங்களாமே? இது ஒப்பந்த மீறல். உடனே வெளிய அனுப்புங்க. இல்லைன்னா லைனை வெட்ட வேண்டியிருக்கும்.”

“வெட்டுங்க. வெட்டுறவர் பேரையும் நேரத்தையும் சொல்லுங்க. நோட்டுல எழுதணும்.”

தலைவருக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“சார்,” என்றது குரல், கொஞ்சம் இறங்கி. “புரிஞ்சுக்குங்க. அது மன்றத்துக்குன்னு கொடுத்த விலை.”

தலைவர் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்தே அறையை ஒரு முறை பார்த்தார்.

“ஆமா,” என்றார். “மன்றம்தான் கூடியிருக்கு.”