குடல் இல்லாத கெண்டை

தாமிரபரணிக் கரையில் கோடை முகாம் போட்ட இளவட்டங்களில் முப்பிடாதியின் தூண்டிலுக்கு மட்டும் ஒரு தவளைகூடச் சிக்கவில்லை. முகாம் தலைவர் தில்லைநாயகமோ ஆற்று வளைவுக்குத் தனியாகப் போய், கை நீளக் கெண்டையோடு மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார்.

"ஒத்தப் புழுதான், லபக்குன்னு கடிச்சுது. சாயங்காலத்துக்குள்ள நீ இதைவிடப் பெருசா பிடிக்கணும். இல்லன்னா முகாம் முடியுற வரைக்கும் சோத்து அண்டா தேய்க்கிறது நீதான். முதல்ல இதைக் கழுவு."

முப்பிடாதி மீனை வாங்கிப் புரட்டினாள். வயிறு கீறிக் கிடந்தது; அதை அவருக்கு விற்ற சந்தை மீன்காரன் பழக்கதோஷத்தில் குடலை எடுத்தே கொடுத்திருந்தான்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்," என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. "குடலே இல்லாத மீனு எந்தப் பசிக்குப் புழுவைக் கடிச்சுது?"

சாயங்காலம் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்தவரின் முறுக்கு மீசையில் அடிப்பிடித்த சோறு ஒட்டியிருந்தது.