எட்டுப் பேரை வீசிய சடையாண்டி

சேந்தனூர்ச் சிறைச்சாலைத் தலைவர் மாசிலாமணிக்கு மீசையும் பெரிது, வாயும் பெரிது. ஆனால் அன்று அரசவையில் நாக்கு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது.

காரணம், பக்கத்தில் நின்ற கைதி சடையாண்டி. முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டிவிட்டதுபோல ஓர் ஆள். ஒரு கையில் கட்டு, நெற்றியில் நெல்லிக்காய் அளவு புடைப்பு. அவனுடைய ஆடு அரண்மனை மல்லிகையை மேய்ந்துவிட்டதாம். அதற்கு மூன்று நாள் சிறை.

"கைதியிடம் தேவைக்கு மேல் ஒரு துளி பலமும் காட்டக் கூடாது என்பது என் ஆணை. மீறினால் பதவி போகும். இவன் கை எப்படி உடைந்தது?" என்று உறுமினார் அரசர்.

"தேவையான பலம்தான், மகாராஜா!" என்றார் மாசிலாமணி. "பயல் லேசுப்பட்டவன் இல்லை. தடியோடு போன எட்டுக் காவலர்களை ஒற்றைக் கையால் தூக்கி வீசினான்!"

"நானா?" என்று சடையாண்டி தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அமைச்சர் குழைக்காதர் துள்ளி எழுந்தார். "அடடா! மகாராஜா, அந்த எட்டுப் பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இப்படிப்பட்ட வீரனை உள்ளே பூட்டி வைப்பதா? இவனையே சிறைத் தலைவர் ஆக்குங்கள்!"

மாசிலாமணி அவசரமாக முன்னால் வந்தார். அரசர் தலையை வேறு ஆட்டுகிறாரே!

"எட்டு இல்லை, மகாராஜா... பதற்றத்தில் சொல்லிவிட்டேன். நான்கு பேர்."

"நான்கு பேரை வீசினாலும் தலைவர்தான்" என்றார் குழைக்காதர்.

"இரண்டு!"

"சரி, துணைத் தலைவர். உங்கள் பக்கத்து நாற்காலி."

"ஐயோ, யாரையும் வீசவே இல்லை! அவனால் கூழ்ச் சட்டியையே தூக்க முடியாது!"

"பிறகு என்னதான் செய்தான்?" என்றார் அரசர்.

மாசிலாமணியின் குரல் மீசைக்குள்ளேயே முனகியது. "கூழுக்கு... உப்புக் கேட்டான்."

அரசர் அமைச்சர் பக்கம் திரும்பினார். "குழைக்காதரே, இவனை அடக்க எவ்வளவு பலம் தேவைப்பட்டிருக்கும்?"

"இரண்டு விரல் பலம், மகாராஜா. ஒரு சிட்டிகை உப்பை எடுத்துப் போட அதுவே அதிகம்!"

அரசர் சிம்மாசனத்தில் புரண்டு புரண்டு சிரித்தார். குழைக்காதருக்கு முத்துமாலை. சடையாண்டிக்கு வைத்தியமும் விடுதலையும். மாசிலாமணியின் பதவி அன்றே பறிபோனது.