தினைத்தாள் கூரை

கொரியாவை ஜப்பான் ஆண்ட காலம். நிலம் பறிபோனவர்கள் துமன் ஆற்றைத் தாண்டி மஞ்சூரியாவில் குடியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எழுத்துப் பித்துப் பிடித்த ஒன்பது பேர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் ஒக்ரிம் வீட்டில் கூடுவார்கள். ஒக்ரிமுக்கு முப்பத்தொரு வயது. கையால் உருட்டி அச்சடிக்கும் சிறுபத்திரிகை ஒன்றை நடத்தினாள். அவர்கள் எழுதிக் கொண்டுவருவதில் பாதியை இரக்கமில்லாமல் அடித்துவிடுவாள். ஆனாலும் ஒருவரும் வராமல் இருந்ததில்லை.

மாணவர்களில் மூத்தவர் தொக்சு. ஐம்பத்துநாலு வயது விவசாயி. மண்வெட்டியைப் பிடிப்பது மாதிரிதான் பேனாவையும் பிடிப்பார். அவருடைய ஒரு கதையில் மட்டும் ஒக்ரிம் ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. சொந்த ஊரான முல்கோலில், இலையுதிர் காலத்தில், ஊரே திரண்டு அவருடைய அப்பாவின் வீட்டுக்குக் கூரை மாற்றும் கதை அது. அது ஒரு திங்கட்கிழமை அச்சுக்குப் போக இருந்தது.

அதற்கு முந்தின நாள், ஞாயிறு, தொக்சு ஒரு விருந்தாளியோடு வந்தார். போங்கில் என்று பெயர். முல்கோல்காரன், போன மாதம்தான் ஆற்றைத் தாண்டி வந்தவன். ஊர்க்காரன் ஒருவன் கேட்டு மெச்ச வேண்டும் என்ற ஆசை தொக்சுவுக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். மூன்றாம் பக்கத்தில், கூரைமேல் தினைத்தாளைப் பரப்பும் இடம் வந்ததும், போங்கில் சிரித்துவிட்டான்.

"தினைத்தாளா? நம்ம ஊர்ல யாருண்ணே தினைத்தாள்ல கூரை போட்டது? வைக்கோல்தானே."

தொக்சு நிறுத்திவிட்டார். முல்கோலைச் சுற்றி எல்லாம் நெல் வயல். வைக்கோலைத் தவிர வேறெதுவும் அங்கே கூரை ஏறியதில்லை. தினை விளைவது இங்கே. ஆற்றைத் தாண்டி வந்த இருபத்துமூன்று வருஷமாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவர் கை தினைத்தாளைத்தான் கட்டி வந்தது. கதையிலும் அது பாட்டுக்குக் கட்டிவிட்டது.

அவர் கதை எழுதிய காகிதங்களை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"இது அச்சுல வர வேணாம், வாத்தியாரம்மா. இனிமே நான் எழுதவும் போறதில்ல. அப்பன் வீட்டுக் கூரையையே மறந்தவனுக்கு ஊர் ஏது?"

ஒரு சொல்லை மாற்றினால் தீர்ந்தது என்று யாரோ சமாதானம் சொன்னார். இன்னும் எத்தனை இடத்தில் கை இப்படி ஏமாற்றியிருக்கிறதோ, யாருக்குத் தெரியும் என்றார் தொக்சு. நிலத்தைப் பிடுங்கினார்கள், தாங்கிக்கொண்டார். ஊர் நினைப்பை மட்டும் எவனாலும் தொட முடியாது என்று நம்பியிருந்தார். இப்போது அதையும் தானே தொலைத்துவிட்டோமே என்று அவமானமாக இருந்தது.

ஒக்ரிம் அவருக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. போங்கில் பக்கம் திரும்பி, அந்த வீட்டுக்கு இப்போது என்ன கூரை என்று கேட்டாள்.

போங்கில் தலை குனிந்துகொண்டான். ஒரு மாதமாகத் தொக்சு ஊரைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எல்லாம் நல்லபடியாக இருப்பதாகத்தான் சொல்லி வந்திருந்தான்.

"வீடே இல்லீங்க. ஜப்பான் கம்பெனிக்காரங்க நிலத்தோட எல்லா வீட்டையும் இடிச்சுட்டாங்க. இப்ப அங்க பருத்திக் காடுதான்."

தொக்சு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்றுப் பொறுத்து, மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னாள் ஒக்ரிம். அவர் மறுத்தார். அவள் காகிதங்களைக் கேட்டு நீட்டிய கையை மடக்கவில்லை. கொடுத்தால் அவளே வாசித்துவிடுவாள். வேறு வழியில்லாமல் காகிதங்களை எடுத்துத் தானே வாசித்தார்.

கடைசிக் கயிற்றை முடிச்சுப் போட்டதும் மழை பிடித்துக்கொள்கிறது. கூரை கட்ட வந்த பதினெட்டு பேரும் வீடு திரும்ப முடியாமல் உள்ளே நெருக்கிக்கொண்டு உட்கார்கிறார்கள். அம்மா சூடாக நூடுல்ஸ் பரிமாறுகிறாள். மேலே மழை கொட்டுகிறது. யாரோ ஒருவர் வாய் நிறைய நூடுல்ஸோடு பாட ஆரம்பிக்க, எல்லோரும் சிரிக்கிறார்கள்.

"அது எங்க அப்பா," என்றான் போங்கில். அவன் கண் கலங்கியிருந்தது. "அவருதான் வாயில சோத்தை வச்சுக்கிட்டே பாடுவாரு."

தொக்சு வாசித்து முடித்தார்.

"பெரியவரே," என்றாள் ஒக்ரிம். "அந்த மழையில கூரை ஒழுகுச்சா?"

தொக்சு காகிதத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அதைப் பிரிக்கிறீங்க? உள்ள ஆளுங்க இருக்காங்க."