மாசானமுத்து அடியார் குத்திய முத்திரை

மருதவனம் தபாலாபீஸில் கடிதங்களுக்கு முத்திரை குத்துவது மாசானமுத்து அடியாரின் உத்தியோகம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர். விடியுமுன் தாமிரபரணியில் முங்கி, நீறு பூசி, ஆபீஸ் வாசலைக் கூட்டித் தெளித்துவிட்டு மைப்பலகையின் முன் சம்மணமிட்டு அமர்வார். ஒரு குத்துக்கு ஒரு "சிவாயநம". கல்யாணப் பத்திரிகையானாலும் கருமாதிக் கடிதமானாலும் நாமம் ஒன்றுதான்.

"என்னவே, இது ஆபீஸா, கோயிலா?" என்று கேலி செய்வார் கிளார்க் குற்றாலிங்கம்.

"கைக்குத்தான ஆபீஸ் சம்பளம் குடுக்கு. வாய் சும்மாதான கெடக்கு அண்ணாச்சி" என்பார் அடியார்.

அந்த வருஷம் புது முத்திரைக் கட்டை வந்தது. தேதிக்குப் பக்கத்தில் ஏதோ இரண்டு வரி இருந்தது. அடியார் கேட்க, குற்றாலிங்கம் வாசித்துக் காட்டினார். "'தொழுநோயாளியை விலக்காதீர். தொழுநோய் குணமாகும்.' போற கடுதாசிக்கெல்லாம் இதைக் குத்தணுமாம். சர்க்கார் உத்தரவு."

அடியார் கட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி சொல்ல வேண்டிய பேச்சுல்லா இது. தபால்ல வந்திருக்கு."

தபால் பையின் வாயைக் கட்டி, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றுவதும் அவர் வேலைதான். ஒருநாள் சாயந்தரம் குற்றாலிங்கம் மூக்கைச் சுளித்தார். "என்னவே, தோல் பொசுங்குத வாடை வருது?" எழுந்து வந்து பார்த்தால், கொதிக்கிற அரக்கு அடியாரின் புறங்கையில் வழிந்து ஒட்டியிருக்கிறது. அவரோ நாமம் சொல்லியபடி அடுத்த முடிச்சைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"வலிக்கலையாவே?"

"இல்லையே அண்ணாச்சி."

ஆபீஸில் இருந்தவர்கள் ஆளுக்கு ஓரடி பின்வாங்கினார்கள். உணர்ச்சி செத்த தோல் எந்த நோயின் அடையாளம் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கடைசியாகத்தான் அடியாருக்கு விளங்கியது.

போஸ்ட்மாஸ்டர் தள்ளி நின்றே சொன்னார். "நாளையிலேருந்து வராதப்பா."

"ஐயா, இந்தக் கட்டை சொல்லுதது..."

"கட்டை ஊருக்குச் சொல்லுது. ஆபீஸுக்கு இல்ல."

அடியார் அன்று குத்திய கடிதங்களோடு தபால் பை போய்விட்டது. அவர் நேரே கோயிலுக்குப் போனார். அவருக்கு முன்னால் சேதி போயிருந்தது. குருக்கள் வாசலிலேயே கையை நீட்டி மறித்தார். "அங்கேயே நின்னு தரிசனம் பண்ணிக்கோங்கோ. உள்ளே வேண்டாம்." அங்கிருந்து பார்த்தால் தெரிந்தது கொடிமரத்தின் முதுகு மட்டுமே.

ஊருக்கு வெளியே இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். மருந்து நோயைக் கட்டியது. அதற்குள் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தவில்லை. ஒரு வருஷம் கழித்து மனைவி பிச்சம்மாள் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"பிள்ளைக்கு ஒரு எடம் வந்திருக்கு."

"நல்லதுல்லா. யாரு, எந்த ஊரு?"

"அவுககிட்ட..." அவள் வேலி முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க செத்துட்டதா எங்கண்ணன் சொல்லிட்டாக."

அடியார் வேலியிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு, "சரி, செத்தவனாவே இருந்துக்கிடுதேன். நீ வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டா வந்திருக்கே? வெயில்ல கண்ணு சரியாத் தெரியலை" என்றார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனாள். திரும்ப வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போகும் கடிதங்களைத் தொட அப்போது தபாலாபீஸில் ஆளில்லை. கட்டுக் கட்டாகப் பெட்டியில் கிடந்து பூச்சி அரித்தது. டாக்டர் போய்ச் சண்டை பிடித்தார். "அப்படின்னா உங்க மாசானமுத்துவையே அனுப்புங்க. அவன் தொட்ட அந்தக் கட்டையையே தாரேன். உள்ள இல்ல, வெளிய பூவரச மரத்தடியில உக்காந்து குத்தட்டும்" என்றார் போஸ்ட்மாஸ்டர். அவமானப்படுத்தத்தான் சொன்னார். அடியாருக்கு அது அழைப்பாகப் பட்டது. "தொண்டு திரும்பக் கெடச்சுட்டு" என்று அழுதார்.

விரல்கள் பிடிக்காததால் கட்டையை மணிக்கட்டோடு துணியால் கட்டிக்கொண்டார். போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதைக்கூடத் தாங்கினார். தாங்க முடியாதது வேறொன்று: குத்தி அனுப்பிய கடிதங்களில் முக்கால்வாசி 'வாங்க மறுத்தார்' என்று திரும்பி வந்தன. வாசிக்கத் தெரியாவிட்டாலும் தம் முத்திரை விழுந்த உறைகளை அவருக்குத் தெரியும். தாய்க்கு எழுதியது, தம்பிக்கு எழுதியது, பிரிக்காமலே வந்து மடியில் விழுந்தது. விலக்காதீர் என்று அவர் குத்தக் குத்த ஊர் விலக்கியது. "சாமி, ஒரே ஒரு வீட்டுலயாவது இதை வாசிச்சாகளா?" என்று கேட்பார். அழுதுகொண்டே அடுத்த கடிதத்தை எடுத்து "சிவாயநம" என்பார்.

பங்குனி உத்திரத்தன்று கோயில் உற்சவர் சந்திரசேகரர் உலா வந்தார். பூவரச மரம் இருக்கும் தெரு வேண்டாமென்று பல்லக்கை அடுத்த தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள். அடியாருக்கு நாதஸ்வரம் மட்டும் கேட்டது. அதுவும் தேய்ந்து மறைந்தபோது மூக்கு அழிந்த கிழவர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எனக்கொரு முத்திரை குத்தித் தா."

"கடுதாசி எங்க பாட்டையா?"

"எழுதுனா வாங்குததுக்கு யாரு இருக்கா? இந்தா, கையில குத்து."

"வலிக்கும் பாட்டையா."

"வலிச்சா நல்லதுதான. நம்மள மாதிரி ஆளுக்குக் கெடைக்குமா அது? குத்து."

அடியார் மையில் ஒற்றி, நாமம் சொல்லி, நீட்டிய உள்ளங்கையில் மெல்லக் குத்தினார். சுரீரென்று வலி பாய்ந்தது. கிழவருக்கல்ல, அடியாரின் கைக்கு. எத்தனையோ வருஷமாய்ச் செத்துக்கிடந்த கை விண்விண்ணென்று தெறித்தது. "வலிக்கு, பாட்டையா, வலிக்கு" என்று சிரித்து நிமிர்ந்தார். எதிரே யாரும் இல்லை.

அந்திக்கு உலா முடிந்து, அலங்காரம் களையும்போது உற்சவரின் அபயக் கையில் கறுப்பாய் ஏதோ தெரிந்தது. குருக்கள் புளி போட்டுத் தேய்த்தார். எலுமிச்சை போட்டுத் தேய்த்தார். போகவில்லை. தபால் முத்திரை போலிருக்கவே போஸ்ட்மாஸ்டரை வரவழைத்தார்.

"இது உங்க ஆபீஸுதானா பாருங்கோ."

போஸ்ட்மாஸ்டர் விளக்கைக் கிட்டே பிடித்தார். அன்றைய தேதி. பக்கத்தில் இரண்டு வரி. தம் ஆபீஸிலிருந்து நாள்தோறும் போன அந்த வரிகளை அன்றுதான் தமக்கு வந்ததாக வாசித்தார்.

ஆபீஸ் மூடிக்கிடந்த அன்று முத்திரை குத்திய கை ஒன்றுதான். இருவரும் பூவரச மரத்தடிக்கு ஓடினார்கள். அடியார் மரத்தில் சாய்ந்திருந்தார். உடல் குளிர்ந்திருந்தது. குருக்கள் மண்டியிட்டு, மணிக்கட்டின் துணியைத் தம் விரலால் அவிழ்த்து, அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அத்தனை வருஷத்தில் ஊரார் ஒருவர் அந்தக் கையைத் தொட்டது அப்போதுதான். அது தெரிய அவர் இல்லை.

மனிதர் வாங்க மறுத்ததையெல்லாம் இறைவன் வாங்கிக்கொள்ளும்படி குத்திய மாசானமுத்து அடியாரின் மடங்கிய கைகளுக்கு நம் வணக்கம்.